முதல் பாகத்துக் காவற்காரர்கள்

என் தங்கை மகன் சிவகாசியில் ஓர் ஆப்ஸெட் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டிக்கு லேபில், தினசரிக் காலண்டருக்கு அட்டை, இவைகளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது அவன் உத்தியோகம். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டதென்றால், அப்புறம் மார்கழி முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளையை வீட்டில் பார்க்க முடியாது. பொங்கல் கழிந்துதான் அவனுக்கு மூச்சு விட நேரம். அப்படி மூச்சு விட வந்த ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவன் ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, ஒரு கேம் சீரிஸ் இருக்கு. மொத்தம் பதிமூணு. ஒண்ணுக்கு ஒண்ணு தொடர்பு. போன வருஷம் ஆரம்பிச்சு விட்டுட்டேன். எதுல இருந்து ஆரம்பிச்சா உருப்படும்?”

நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். கதை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்க்க எனக்கு வெட்கமில்லை. தவிரவும், அவன் சொன்ன தொடர் எனக்குத் தெரிந்ததுதான். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தபோது, வெளியூரில் இருக்கும் என் மகன் தன் பழைய லாப்டாப்பை என்னிடம் விட்டுப் போனான். அதில் இருந்த ஆட்டம் ஒன்றைப் பொழுது போகாமல் தொட்டு, பிறகு பொழுதே போதாமல் தவித்தவன் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நிஹான் பால்காம் என்று ஒரு கம்பெனி. 1981-இல் தொடங்கியது. பெரிய கம்பெனி என்று சொல்வதற்கில்லை. அது 2004-இல் ‘ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வேஷம் கட்டி ஆடுகிற ஜாதி ஆட்டம் இது. நாம் ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, சண்டை வந்தால் முறை வைத்து அடித்துக் கதையை நகர்த்திக்கொண்டு போகவேண்டும். ஜப்பானியர் இந்தத் தொடரைக் ‘கிசெக்கி’ என்கிறார்கள்; தடம் என்று பொருள். அதே ஓசையுள்ள வேறொரு சொல்லுக்கு அதிசயம் என்று பொருள். இரண்டும் பொருந்துகிறது.

ஜெமுரியா என்று ஒரு கற்பனைக் கண்டம். அதில் லிபெர்ல் என்ற சின்ன ராஜ்யத்தில் மூன்று ஆட்டங்கள். க்ராஸ்பெல் என்ற நகரத்தில் இரண்டு. எரெபோனியா சாம்ராஜ்யத்தில் நான்கு. க்ராஸ்பெல்காரர்களையும் சாம்ராஜ்யத்துக்காரர்களையும் சேர்த்து முடிச்சுப் போட ஒன்று. அதற்கப்புறம் கால்வார்ட் குடியரசில் மூன்று. ஆக 2024 வரைக்கும் 13. எல்லாம் ஒரே உலகம், ஒரே காலக்கணக்கு. ஒன்றில் சில்லறைப் பாத்திரமாக வந்து போனவர் இன்னொன்றில் வேறு நாட்டில் வேறு வேலையாக எதிர்ப்படுவார். கதையில் ஒரு சம்பவம் நடந்துவிட்டால் போதும், ரொட்டிக்கடைக்காரர் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரை ஊரில் உள்ள அத்தனை பேரும் புதிதாக ஏதாவது பேசுவார்கள். நம்மூர் டீக்கடை மாதிரி. இதைப்போல ஜனங்களை மதிக்கிற ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பேச்சு அதிகம் என்பதும் உண்மைதான். சில இடங்களில் ‘போதும் அப்பா’ என்று கும்பிடத் தோன்றும்.

சரி, போன வருஷம் ஏன் விட்டான்? அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அந்தக் கோபம்தான்.

அவனோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் ஒருவன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பதிமூன்றையும் ஆடி முடித்த மகான். அவனிடம் இவன் யோசனை கேட்டிருக்கிறான். மகான் அருளியது இது: 2004-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஊரில் உள்ள எல்லாரிடமும் பேசிவிட்டுத்தான் நகரவேண்டும். இதற்குப் பொறுமை இல்லையென்றால் தொடவே தொடாதே, அசிங்கப்படுத்தாதே.

இவன் தீபாவளியன்று கிடைத்த ஒன்றரை நாள் லீவில் விதிப்படி ஆரம்பித்தான். விதிப்படி ஊரில் உள்ள ஒவ்வொருவரிடமும் பேசினான். மூன்று மணி நேரத்தில் முதல் ஊரின் முதல் தெருவைத் தாண்டவில்லை, தூங்கிப் போனான். பிறகு காலண்டர் வேலை. அந்த ஆட்டம் அப்படியே கிடக்கிறது. “எனக்கு அந்தத் தகுதி இல்லை போலிருக்கு மாமா” என்றான்.

தகுதி! ஒரு விளையாட்டுக்கு! கதை கேட்பதற்குத் தகுதி வேண்டும் என்று ஒரு பிள்ளையின் வாயால் சொல்ல வைத்துவிட்டார்களே, இவர்களை என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஆட்டங்களில் ஒன்றுக்கு நாற்பது மணி முதல் நூறு மணி வரை பிடிக்கும். சராசரி அறுபது என்று வைத்தாலும் 13 ஆட்டத்துக்கு 780 மணி. தினம் ஒரு மணி ஒதுக்கினால் இரண்டு வருஷத்துக்கு மேல். தினம் ஒரு மணி யாருக்கு இருக்கிறது? சீஸனில் இரவு பதினொன்றுக்கு அச்சகத்திலிருந்து வருகிற பையனுக்கா? விடிவதற்குள் சோற்றைக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ‘பட்டாசு ஆபீஸு’க்குப் போகிற பெண்ணுக்கா? (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். நாற்காலி இல்லாத ஆபீஸ்கள்.) ‘முதலிலிருந்து வரிசையாக வா, இல்லாவிட்டால் வராதே’ என்கிற சட்டத்தின் உண்மையான அர்த்தம், ‘ஓய்வுள்ளவன் மட்டும் வா’ என்பதுதான். அதைச் சொல்லுகிறவனுக்கு இது தெரியாது. அவன் தன்னைக் கலையின் காவலன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் காப்பது கலையை அல்ல. தான் செலவழித்த 780 மணி நேரத்தின் மதிப்பை. இன்னொருவன் குறுக்கே புகுந்து அதே சந்தோஷத்தை அடைந்துவிட்டால் இவன் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே என்று பயம்.

இவ்வளவு காரமாகப் பேசுகிறவன் யோக்கியனா என்று கேட்டால், இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கினேன். சரம் பின்னுகிற வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கலாம், தயங்கித் தயங்கி வந்து, “ஐயா, நல்ல கதைப் புஸ்தகமா ஒண்ணு சொல்லுங்க, படிக்கணும்” என்றாள். அலுமினியப் பொடி படிந்து அவள் நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பூச்சு. ஒன்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்து, தமிழ் நாவல் என்பது 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஆரம்பிக்கிறது என்று தொடங்கி, வரிசையாகப் பன்னிரண்டு புஸ்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இதே வரிசையில் படித்தால்தான் வளர்ச்சி புரியும் என்று உபதேசம் வேறு. அவள் அந்தத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “சரிங்கய்யா” என்று போய்விட்டாள். மறு வருஷம் அதே ஊரில் அதே கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். “படிச்சியாம்மா?” என்றேன். “முதல் புஸ்தகம் கிடைக்கலைங்கய்யா” என்றாள். அவ்வளவுதான். மற்ற பதினொன்றில் ஒன்றையாவது தேடிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவிடாமல் செய்தவன் நான். அந்தப் பெண் கேட்ட ஒன்றைக் கொடுத்திருந்தால் அவள் மீதி பதினொன்றையும் தானாகக் கண்டுபிடித்திருப்பாள். சென்னை மகானைத் திட்டும்போது பாதி என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

அதிலும் சிவகாசியில் இருந்துகொண்டு வரிசை பேசுவது பெரிய வேடிக்கை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து கதை படிக்கக் கற்றுக்கொடுத்த ஊரே அதுதான். 1972-இல் முத்து காமிக்ஸ் அங்கிருந்துதான் புறப்பட்டது; முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸ். இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் வாரக்கணக்காக, வருஷக்கணக்காக ஓடிய தொடர்களெல்லாம் எங்கள் கைக்கு வந்தபோது அவற்றின் முதல் அத்தியாயம் எது, மூன்றாவது எது என்று யார் கேட்டார்கள்? பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் எது தொங்கியதோ அதுதான் எங்களுக்கு முதல் பாகம். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்து கிடைத்ததும் முதல் பாகம்தான். முடிவு கிழிந்திருந்தால் முடிவை நாங்களே சொல்லிக்கொண்டோம். நான் கதை எழுதக் கற்றது அப்படித்தான் என்று சொன்னால் விமர்சகர்கள் சந்தோஷப்படுவார்கள், போகட்டும்.

‘இரத்தப் படலம்’ ஒன்று போதும். வான் ஹாம் எழுதி வான்ஸ் படம் வரைந்தது. 1984-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய நெடுந்தொடர். தோளருகே XIII என்று பச்சை குத்திய ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். தான் யார் என்பது அவனுக்கே நினைவில்லை. அதைத் தேடிக்கொண்டு போவதுதான் கதை. தமிழில் இது பாகம் பாகமாக, வருஷங்கள் இடைவெளி விட்டு வந்து, 2010-இல்தான் ஒரே பெருந்தொகுதியாகச் சேர்ந்து கிடைத்தது. அதுவரை நடுவில் ஏதோ ஒரு பாகத்தில் நுழைந்து அதற்கு அடிமையானவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யோசித்துப் பாருங்கள்: கதாநாயகனுக்கே தன் முதல் பாகம் தெரியாது! அவனோடு சேர்ந்து திகைக்கிறவன் நடுவிலிருந்து வந்தவனா, முதலிலிருந்து வந்தவனா என்பதில் என்ன வித்தியாசம் இருக்கிறது?

காமிக்ஸ் என்றால் குறைவு என்று நினைக்கிற பெரியவர்களுக்குக் கல்கியைக் காட்டுகிறேன். ‘பார்த்திபன் கனவு’ 1941-இல் தொடராக ஆரம்பித்தது. ‘சிவகாமியின் சபதம்’ 1944-இல். கதைக் காலத்தில் சிவகாமி முந்தியவள். எழுதிய காலத்தில் பிந்தியவள். முதுமையில் நரசிம்மவர்மன் எப்படி இருந்தான் என்பதை முதலில் படித்துவிட்டுத்தான், வாலிபத்தில் அவன் யாரிடம் மனத்தைப் பறிகொடுத்தான் என்பதைத் தமிழ்நாடு படித்தது. யாருக்கு நஷ்டம்? முடிவு தெரிந்த பிறகும் சிவகாமிக்காக அழாத வீடு உண்டா?

அதற்கும் மேலே போக வேண்டுமா? போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் ஜில்லாதான். நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் அந்த ஊர்ப் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டில் ஆரம்பிக்கிறது. காலத்தால் முந்தியவர் பெரியாழ்வார் என்பதாலா? இல்லை. பொய்கையார், பூதத்தார், பேயார் என்ற மூவரைத்தான் முதலாழ்வார்கள் என்று சம்பிரதாயமே சொல்கிறது. அவர்கள் பாட்டு எங்கே இருக்கிறதென்றால், இயற்பாவில், மூன்றாவது ஆயிரத்தில்! வரிசை என்பது உபயோகத்துக்காக ஏற்பட்டது, வரிசைக்காக ஏற்பட்டதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த நாலாயிரத்தையும் தொகுத்த நாதமுனிகள் அதற்குள் எப்படி நுழைந்தாராம்? குடந்தைப் பெருமாளைப் பற்றி நம்மாழ்வார் பாடிய ஒரு திருவாய்மொழியை, காட்டுமன்னார் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் பாடக் கேட்டார். அது திருவாய்மொழியில் ஐந்தாம் பத்து, நட்ட நடு. ஆயிரம் பாட்டில் இவை பத்து என்று கடைசிப் பாட்டு சொல்கிறது. மீதி எங்கே என்று வந்தவர்களைக் கேட்டார், அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் தேடிப் புறப்பட்டார். இதுதான் வழிவழியாகச் சொல்லி வருவது. அன்றைக்கு ஒரு சென்னை மகான் அங்கே நின்றுகொண்டு, “முதல் பத்திலிருந்து கேட்காமல் ஐந்தாம் பத்தைக் காதில் வாங்காதீர்” என்று தடுத்திருந்தால் நமக்கு நாலாயிரம் இல்லை.

இந்த ஆட்டத் தொடரின் சரித்திரமே அதன் காவற்காரர்களைப் பொய்யாக்குகிறது. அவர்கள் ஆதி என்று விழுந்து கும்பிடுகிற 2004-ஆம் வருஷத்து ஆட்டத்துக்கு ஜப்பானில் வைத்த முழுப் பெயரில் ‘ஆறு’ என்ற எண் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய வேறொரு வரிசையில் அது ஆறாவது. அந்த வரிசையும் அதற்கு முந்திய இன்னொன்றின் கிளை. முந்தியவைகளின் உலகம் வேறு, கதை வேறு என்று சமாதானம் சொல்வார்கள். சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆதி என்று நீங்கள் கோடு கிழித்த இடம் உங்கள் சௌகரியத்துக்குக் கிழித்ததுதானே? அதே சௌகரியம் சிவகாசிப் பையனுக்கு மட்டும் கூடாதா?

இன்னொன்றையும் கேளுங்கள். இங்கிலீஷ் மூலமாக இந்தத் தொடரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் வரிசைப்படி ஆடியவர்களே அல்ல. எரெபோனியாக் கதையின் முதல் ஆட்டம் இங்கிலீஷில் 2015-இலும், நான்காவது 2020-இலும் வந்துவிட்டன. அவைகளுக்கு முந்திய க்ராஸ்பெல் கதைகள் இரண்டும் முறைப்படி இங்கிலீஷில் வெளிவந்ததோ 2022-இலும் 2023-இலும்! ரசிகர்கள் தாங்களாகச் செய்த மொழிபெயர்ப்பைத் தேடிப் பிடித்தவர்களை விட்டுவிடுங்கள். மற்றவர்களெல்லாம் பேரன் கல்யாணத்துக்குச் சாப்பிட்டுவிட்டுத் தாத்தா கல்யாணத்துக்கு மொய் எழுதினவர்கள். அவர்களும் இந்தத் தொடரை உயிராக நேசிக்கிறார்கள். நான் ஆரம்பித்ததும் அந்த எரெபோனியா முதல் ஆட்டத்தில்தான், அதாவது ஆறாவதில். யாரும் என்னைத் தடுக்க வீட்டில் இல்லை. எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. (அந்த நான்கில் இரண்டாவது எனக்குச் சலித்துப் போயிற்று. பள்ளிக்கூடத்துத் தோழர்கள் அத்தனை பேரும் கதாநாயகனையே சுற்றிச் சுற்றி வருவது எந்தத் தேசத்து வழக்கமோ! ஆனால் அது வரிசை தப்பியதால் வந்த சலிப்பில்லை, எழுதியவர்களின் தவறு.)

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டுச் சண்டை போடுவது தர்மமல்ல. முதல் ஆட்டத்தில் பதினாறு வயதுப் பெண்ணாக எஸ்டெல் என்பவளோடு நாற்பது மணி நேரம் நடந்தவனுக்கு, நாலாவது ஆட்டத்தில் அவள் வேறு ஊரில் கதவைத் திறந்துகொண்டு வரும்போது நெஞ்சு நிறைகிறது. நடுவில் வந்தவனுக்கு அது வெறும் புது ஆள். இது உண்மை. அந்த நிறைவு எனக்குக் கிடைக்கவில்லை. நான் எஸ்டெல்லைப் பின்னால்தான் அறிந்தேன். ஆனால் எனக்கு வேறொன்று கிடைத்தது. அவள் பின்னால் எப்படிப்பட்டவள் ஆவாள் என்று தெரிந்துகொண்டே அவளுடைய விளையாட்டுத்தனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. பாரதக் கதையில் நமக்குப் பழக்கமான சுகம் இது. கர்ணன் சாவு தெரியாமல் எந்தக் குழந்தை குந்தி ஆற்றில் பெட்டியை விட்ட கதையைக் கேட்டது? என் பாட்டி எனக்கு முதலில் சொன்னது கர்ணன் தேர் சக்கரம் புதைந்த கதையைத்தான். ஆற்றுப் பெட்டி பிறகு வந்தது. அந்தப் பெட்டி மிதந்து போனபோது, அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்திருந்ததால்தான் நான் அழுதேன். முடிவைச் சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடும் என்பது நேற்று வந்த பயம். தெரிந்த கதையைத்தான் நாம் விடிய விடியக் கூத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தோம்.

வரிசையே வேண்டாம் என்றா சொல்கிறேன்? அப்படிச் சொன்னால் நானும் ஒரு மகான் ஆகிவிடுவேன். லிபெர்ல் கதையின் முதலிரண்டு ஆட்டங்கள் முதலில் ஒன்றாகவே திட்டமிடப்பட்டுப் பெரிதாகிவிட்டதால் இரண்டாக வெட்டப்பட்டவை. முதலாவது முடிந்த இடத்தின் சூடு ஆறுமுன் இரண்டாவது தொடங்குகிறது. அதை மாற்றிப் பிடிப்பது, தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அப்புறம் மாவு ஊற்றுகிற கதை. க்ராஸ்பெல் கதை இரண்டும் அப்படித்தான். ஒரு நாட்டுக் கதைக்குள் நுழைந்துவிட்டால் அந்த நாட்டுக்குள் வரிசைதான். ஆனால் எந்த நாட்டுக்குள் முதலில் நுழைவது என்பது வருகிறவன் இஷ்டம். 2004, 2010, 2013, 2021 என்று நான்கு தடவை இந்தக் கம்பெனி புது நாடு, புதுக் கதாநாயகன் என்று வைத்து ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதாநாயகனுக்கு முந்திய கதை தெரியாது. அவனுக்குச் சொல்லுகிற சாக்கில் நமக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீடு கட்டினவனே நாலு வாசல் வைத்திருக்கிறான். மூன்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள நீ யார்?

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். நெருப்பின் சரித்திரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லிலிருந்து வரிசையாகப் படித்துவிட்டா போனார்கள்? அப்போது எந்த வேலை நடந்துகொண்டிருந்ததோ அதில் கையை வைத்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஒரு ஊருக்கே பிழைப்பு உண்டாயிற்று. இது கொஞ்சம் இழுத்துச் சொல்லுகிற உதாரணம் என்று எனக்கே தெரிகிறது. வேறு உதாரணம் வேண்டுமென்றால் என் மருமகன் அட்டை போடுகிற தினசரிக் காலண்டரையே பாருங்கள். ஆனி மாதத்தில் வீட்டுக்கு ஒரு காலண்டர் வருகிறது. ஜனவரி ஒன்றாந் தேதியிலிருந்தா படித்துக்கொண்டு வருகிறோம்? அதுவரைக்குமுள்ள தாள்களையெல்லாம் ஒரே பிடியாகக் கிழித்துவிட்டு இன்றைய தேதியில் நிறுத்தி ஆணியில் மாட்டுகிறோம். கிழித்த தாளில் பின்னால் ஏதாவது வேண்டியிருந்தால் தேடி எடுத்துக்கொள்ளலாம். கிழித்ததைச் சின்னப் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருக்கும்.

திண்ணைக்கு வருகிறேன். நான் அவனுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு தடவை பட்ட பாவம் போதும். நாலு ஆட்டத்தின் படத்தையும் அவனுடைய போனிலேயே எடுக்கச் சொன்னேன். “இதுல உன் கண்ணு எங்கே போய் நிக்குது?” என்றேன். அவன் க்ராஸ்பெல்லைத் தொட்டான். இரண்டு பெரிய தேசங்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் கப்பம் கட்டிக்கொண்டு, வியாபாரத்தால் மட்டும் பிழைக்கிற நகரம் அது. அங்கே செத்துப்போன அண்ணனைப்போலத் தானும் துப்பறிகிறவனாக வேண்டுமென்று ஊருக்குத் திரும்பி வருகிறான் ஒரு பையன். போலீஸில் அவனை, யாரும் மதிக்காத ஒரு சின்னப் பிரிவில் தள்ளிவிடுகிறார்கள். ஊர் ஜனங்கள் சிரிக்கிறார்கள். என் மருமகன் அதை ஏன் தொட்டான் என்று நான் கேட்கவில்லை. அச்சகத்தில் அவனுக்கு எட்டு வருஷமாக என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும்.

“ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டேயும் பேசணுமா மாமா?”

“பேசத் தோணினா பேசு. சந்தைக்குப் போனா எல்லாக் கடையிலயும் விலை கேட்டுட்டா வர்றே?”

மாசி பிறந்தது. பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டினார்கள். பங்குனியில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டில் அந்த நேரத்துப் போன் என்றாலே, எந்த ஆபீஸில் என்ன வெடித்ததோ என்று வயிற்றைக் கலக்கும். நடுங்கிக்கொண்டுதான் எடுத்தேன்.

“மாமா, தூங்கிட்டீங்களா? எஸ்டெல், ஜோஷுவான்னு ரெண்டு பேர் வந்தாங்கல்ல, ஒரு சின்னப் பொண்ணைத் தேடிக்கிட்டு?”

“ஆமாம்.”

“கடைசியில அந்தப் பொண்ணு கிடைச்சப்போ எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு மாமா. அவங்க யாரு, இவளை எதுக்குத் தேடுறாங்கன்னு தெரிஞ்சே ஆகணும்னு இருந்துச்சு. அதான் அந்தப் பழசை, போன வருஷம் விட்டேனே, அதைத் திரும்பப் போட்டிருக்கேன்.”

“எதுவரைக்கும் வந்திருக்கே?”

“இப்பத்தான். எஸ்டெல்லுக்குப் பதினோரு வயசு. அவ அப்பா ராத்திரியில ஒரு போர்வையைத் தூக்கிட்டு வர்றார். உள்ளே அடிபட்ட பையன் ஒருத்தன்... மாமா, அது அவன்தானா? இல்லை, சொல்லாதீங்க. வச்சிடறேன்.”